பொட்டு இல்லாத கட்டாரி

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். பழைய பட்டியல்களையெல்லாம் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். இப்போது பொருளைப் படம் எடுத்துக் காட்டினால் போதுமாம். அது என்ன உலோகம், எந்த ஊர் வேலைப்பாடு, எந்த நூற்றாண்டு என்று கணினியே எழுதிக் கொடுத்துவிடுமாம். நல்லது என்று சொல்லி வைத்தேன். பொருளைத் திருப்பிப் பார்க்காமலேயே இவ்வளவு சொல்கிற ஆட்களை நான் இதற்கு முன்பும் சந்தித்திருக்கிறேன், ஒருவரும் உருப்படி இல்லை.

"மேடம், அந்த முசே வீட்டு ஆயுதப் பட்டியல் இருக்குல்ல, அதுல 'பொட்டு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லா பொருளுக்கும் உண்டு, உண்டுன்னு போட்டிருக்கு. ஒரே ஒரு கட்டாரிக்கு மட்டும் இல்லைன்னு இருக்கு. வேற எந்த பட்டியல்லயும் இப்படி ஒரு கட்டமே இல்ல. ஏதோ தப்பா சேந்துட்டாப்புல இருக்கு. எடுத்துடவா?"

"எடுத்தீன்னா கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "அப்ப அது என்னான்னு எழுதி குடுங்க மேடம், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லையும் பார்ப்பேன், குளம்பையும் தூக்கிப் பார்ப்பேன். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், மாடு வாங்கி ஏமாந்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்கள் என் தலையைக் கண்டதும், "செவுள தொறந்தே வெச்சிருக்கேன், வந்து பாத்துக்கம்மா" என்று குரல் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். லெயோன் சார் மட்டும்தான் இதைத் தகுதி என்று நினைத்துச் சம்பளம் கொடுத்தார்.

தட்டச்சு படித்தேன். ஒரு ஸ்டூடியோவில் பிலிம் கழுவினேன். அங்கே கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தபோது லெயோன் சார் கூப்பிட்டார். பழைய வீடுகளிலும் கோயில்களிலும் மாதாகோயில்களிலும் இருக்கும் பழம்பொருள்களைப் படமெடுத்து, விவரம் எழுதி, கணினியில் ஏற்றிக் கொடுப்பதுதான் அவருடைய சின்ன அலுவலகத்தின் வேலை. டிஜிட்டல் கேமரா அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. நான் படித்த படிப்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது.

திட்டு என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை. தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, "பர்தோன், மங்கை" என்பார். மன்னிக்கவும் என்று அர்த்தம். முழு வேலையையும் முதலிலிருந்து செய் என்பதற்கு அவர் வைத்த பெயர் அது. அந்தப் பர்தோனுக்குப் பயந்தே நான் ஒழுங்காக வேலை கற்றேன்.

அவர் முறை இப்படி. மேசைமேல் சாம்பல் நிறத் துணி விரிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் இருக்க வேண்டும். முதல் படம் பொருளுடையது அல்ல, அதன் எண் எழுதிய சீட்டு. பிறகு வலம், இடம், நுனி, பிடி. கடைசியில் பொருளைத் திருப்பி அதன் அடி. "முகத்த எல்லாரும் தொடச்சி வெப்பாங்க. அடிய யாரும் தொடைக்கறதில்ல, அங்க பாருங்க" என்பார். துடைப்பது என்ற பேச்சே கூடாது. தூசி, மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் அப்படியே படமெடுக்க வேண்டும். அழுக்கும் பொருளோடு சேர்ந்தது என்பது அவர் கட்சி.

விவரம் எழுதுவதற்கு இரண்டு கட்டம். ஒன்று 'கண்டது'. இன்னொன்று 'சொன்னது'. வீட்டுக்காரர் ஒரு வாளைக் காட்டி, இது ராஜா கையில் இருந்தது என்பார். அதைச் 'சொன்னது' கட்டத்தில் எழுத வேண்டும். 'கண்டது' கட்டத்தில், வாள், இரும்பு, நுனி மழுங்கியது, அவ்வளவுதான். ஒருமுறை நான் 'பழைய வாள்' என்று கண்டதில் எழுதிவிட்டேன். பர்தோன் வந்தது. "பழசுன்னு கண்ணால எப்படி பாத்தீங்க?" என்று கேட்டார். 

முசே வீட்டுக்கு வருகிறேன்.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. முசியே என்ற பிரெஞ்சு 'ஐயா'வைத் தேய்த்து முசே என்றுதான் தெருவே அவரைச் சொல்லும், அதனால் நானும் பெயரை விட்டுவிடுகிறேன். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர்களிடம் சொல்தாவாக இருந்து சைகோன்வரை போய் வந்தவர். பட்டாளத்துக்காரன் பிள்ளைக்கு ஆயுதத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே வாள், ஈட்டி, பிச்சுவா, வளரி, கேடயம், குதிரைத் துப்பாக்கி என்று வாழ்நாள் முழுக்க வாங்கிச் சேர்த்தார். பிள்ளைகள் இல்லை. அவர் இறந்த பிறகு, எல்லாவற்றையும் அவர் பெயரில் ஒரு காட்சிக்கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் மனைவி மதாம் தெரேஸ் முடிவு செய்தார். அதற்காகத்தான் பட்டியல்.

மதாமுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. மாதாகோயில் காலைப் பூசைக்குக் கலியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு போவார், அவர் வாசலிலேயே நிற்பார், முடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். கலியபெருமாள் அரியாங்குப்பத்துக்காரர். மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடியதும் இந்த வீட்டில் காவலுக்கும் கடைகண்ணிக்கும் சேர்ந்தவர். அந்த வயதிலும் சைக்கிளில் ஆற்றுப்பாலம் தாண்டி வருவார்.

எங்களை வேலைக்குப் பேசியது மதாமின் நாத்தனார் மகன் பாஸ்கால். குழந்தையிலேயே பிரான்சுக்குப் போனவர். கிறிஸ்துமசுக்கு முன்னால் அத்தைக்கு உதவியாக வந்திருந்தார். பொங்கல் முடிந்து நாங்கள் அங்கே மேசை போட்டோம்.

முதல் சில நாளிலேயே எனக்கு இரண்டு பேர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

பாஸ்கால் அளவுக்கு மீறி இனிப்பாக இருந்தார். ஆயுத அலமாரியின் சாவி அவரிடம்தான். ஒவ்வொரு பொருளையும் அவரே எடுத்து வந்து துணிமேல் வைப்பார், போய்விடுவார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று நின்று பார்த்ததே இல்லை. ஆனால் மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"உங்கள் ஆபீஸ் முத்திரை எல்லாப் பக்கத்திலும் இருக்கும் அல்லவா?"

தானம் கொடுக்கிற வீட்டில் பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், எப்போது முடியும் என்று கேட்பார்கள். முத்திரையைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கலியபெருமாள் நேர் எதிர். கதவோரம் நிற்பார், பேசமாட்டார். எங்களைப் பார்க்கமாட்டார். மேசைமேல் வருகிற ஆயுதத்தை மட்டும் பார்ப்பார். நான் ஒன்றைத் திருப்பி அடியைப் படமெடுக்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டும். ஒருநாள் என்னை மடக்கியே கேட்டுவிட்டார்: "அடியெல்லாம் எதுக்கு மேடம் எடுக்கறீங்க? முன்பக்கம் எடுத்தா போதாதா?"

போதாது என்றேன். அப்போதே மனதுக்குள் இவரையும் குறித்துக்கொண்டேன்.

அடியில் என்ன இருந்தது என்றால், ஒரு கறை. ஒவ்வொரு வாளிலும், ஒவ்வொரு பிச்சுவாவிலும், கேடயத்தின் பின்புறத்திலும்கூட. கைப்பிடியின் அடிப்புறத்தில், சுவரில் மாட்டினால் கண்ணில் படாத இடத்தில், மஞ்சளாக ஒரு பொருக்கு, அதன் ஓரங்களில் மங்கலான சிவப்பு. துருவாக இருக்கலாம், பழைய மெழுகாக இருக்கலாம் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. கண்டது கட்டத்தில் 'மஞ்சள் படிவு, ஓரம் சிவப்பு' என்று எழுதிக்கொண்டே போனேன். எழுதி எழுதி அலுத்துவிட்டது.

ஒரு நாள் மூன்று பொருள்கள் சேர்ந்தாற்போல் வந்தன. ஒரு கட்டாரி, இரண்டு வாள்கள். கட்டாரி என்றால் கைப்பிடியை முஷ்டியில் பிடித்து நேராகக் குத்துகிற சிறிய ஆயுதம். இந்த வீட்டுச் சேகரிப்பிலேயே பெரிய மதிப்பு அதற்குத்தான், வெள்ளிக் கம்பி இழைத்த வேலை. வழக்கம்போல் எல்லாப் பக்கமும் எடுத்து, திருப்பி அடியையும் எடுத்தேன். மூன்றிலும் அந்த மஞ்சள் படிவு இல்லை. கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

லெயோன் சாரிடம் காட்டினேன். அவர் கட்டாரியைக் கையில் எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, தன் கட்டைவிரல் தானாக எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பார். பலபேர் பிடித்த பிடியில் கட்டைவிரல் உட்காரும் இடம் மட்டும் குழிந்திருக்கும். இதில் பிடி முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. ஒரு மனிதனும் ஆயுதத்தை அப்படித் தேய்க்க முடியாது, சாணைக்கல்தான் தேய்க்கும். இரண்டு வாள்களையும் பார்த்தார். அதுவும் அப்படியே.

பாஸ்கால் வந்தபோது அவரிடம் கேட்டார். "இந்த மூணும் எப்ப வந்தது?"

"இவை என் தாத்தா காலத்தில் இருந்தே உள்ளன."

லெயோன் சார் என்னைப் பார்த்து, "சொன்னதுல எழுதுங்க" என்றார். பிறகு அவரிடம், "எனக்கு இது மூணும் புதுசா படுது முசியே" என்று மெதுவாகச் சொன்னார்.

பாஸ்கால் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "கலியபெருமாள்!" என்று கத்தினார். "அவன்தான் மாற்றிவிட்டான். வீட்டில் இத்தனை வருடம் தனியாக இருந்தது அவன்தானே!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை நான் கதையில்தான் கேட்டிருந்தேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன். யாராவது மாற்றிவிட்டார்கள் என்று லெயோன் சார் சொல்லவே இல்லை.

சத்தம் கேட்டு மதாம் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாளைக் காலையில் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாக பாஸ்கால் சொன்னார். கலியபெருமாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மில்லு மூடனப்ப ஆளாளுக்கு கைல கெடச்சத தூக்கிகினு போனாங்க மதாம். நான் ஒரு போல்ட்டு எடுக்கல. என்ன போயி..." 

மதாம், கலியபெருமாள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பியபடி நின்றார்.

நான் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். கலியபெருமாள் பின்னாலேயே வந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், மதாம்கிட்ட சொல்லக்கூடாது. அந்த அடியில நீங்க எழுதறீங்களே மஞ்சளா, அது சந்தனம். நான்தான் வெக்கறேன்."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"மில்லுல ஆயுத பூஜன்னா எங்களுக்கு தீபாவளிக்கு மேல. மெஷினுக்கு பொட்டு வெக்காம அன்னிக்கு கைய நனைக்க மாட்டோம். இங்க வந்த மொத வருஷம் மனசு கேக்கல. இவ்வளவு ஆயுதத்த வெச்சிகினு ஒரு பொட்டு வெக்காம எப்படி வுடறது? முசேகிட்ட கேட்டேன். சிரிச்சாரு. வெச்சிக்க, மதாம் கண்ல படாம அடியில வையின்னாரு. அவரே ஒவ்வொண்ணா புடிச்சிகினு நிப்பாரு, நான் வெப்பேன். அவரு போன பொறவும் போன பூஜைக்கு எல்லாத்துக்கும் வெச்சேன். மதாம் கோயிலுக்கு போற மனுஷி. பாதிரியார் வந்து போற ஊடு. தெரிஞ்சா என்ன வெச்சிக்குவாங்களா? திருடன்னு அனுப்பறதுக்கு முன்னாடி இதுக்கு அனுப்பிடுவாங்க."

இதைக் கேட்டு என் மனம் உருகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இவர் சொல்வதும் 'சொன்னது'தான் என்று நினைத்தேன். பொட்டு வைக்கிற கைக்கே பொருளை மாற்றவும் தெரியும். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டே கூடத்துக்கு நடந்தபோது ஒரு கேள்வி வந்தது. இவர் மாற்றியிருந்தால், போலிக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கமாட்டாரா? அடியில் பொட்டு இருக்க வேண்டும் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் இவர்தானே? பொட்டு இல்லாமல் விட்டவன், பொட்டு இருப்பதே தெரியாதவன்.

லெயோன் சாரிடம் காதோடு சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவரே சொல்லட்டும். நாம சொன்னா அது வேற" என்றார். கலியபெருமாளைக் கூப்பிட்டார். மதாமுக்கு முன்னால் அந்த மனிதர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்து நனைந்துவிட்டார். மதாம் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் போலீசைவிடக் கலியபெருமாளைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன்.

"ஆயுத பூஜைக்கு இந்த வீட்டுல இருந்த எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு. இந்த மூணுக்கு இல்ல. அப்ப இது மூணும் பூஜைக்கு அப்பறம் உள்ள வந்தது" என்றார் லெயோன் சார். பாஸ்கால் இந்த ஊருக்கு வந்ததும் பூஜைக்கு அப்புறம்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

"அதற்குப் பிறகு இவன் மாற்றியிருக்கலாமே!" என்றார் பாஸ்கால்.

லெயோன் சார் மதாமிடம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த மூணுக்கும் அடிப்பக்கம் இன்னும் படம் எடுக்கல மதாம். நாளைக்கு காலைல மொத வேல அதுதான். அதுக்கப்பறம் நீங்க போலீசுக்கு சொல்றதுன்னா சொல்லுங்க."

 மத்தியானமே நான் எடுத்துவிட்டேன். கார்டு கேமராவுக்குள், கேமரா என் பைக்குள். நான் வாயைத் திறந்தேன். "பர்தோன், மங்கை. பைய எடுத்துக்கங்க, போலாம்" என்றார். என் வாழ்நாளில் அந்த ஒரு பர்தோனுக்கு மட்டும் வேறு அர்த்தம்.

தெருமுனையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பொய் சொல்லிட்டீங்களே சார்?"

"அத சொன்னது கட்டத்துல போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். பாஸ்கால் எங்களுக்காகக் காத்திருந்தார். அலமாரியைத் திறந்து மூன்றையும் எடுத்து வந்தார். வைக்கும்போதே தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"பாருங்கள். நேற்று அவசரத்தில் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. இவற்றிலும் பொட்டு இருக்கிறது. ஆயுத பூஜை நாளில் இவை இங்கேதான் இருந்திருக்கின்றன. அப்போது நான் பாரிசில் இருந்தேன். இவன் அதற்கும் முன்னாலேயே மாற்றிவிட்டுப் போலிக்குப் பொட்டு வைத்திருக்கிறான்."

இருந்தது. மூன்றிலும், சரியான இடத்தில், அளவாக. மேலே கொஞ்சம் தூசிகூடத் தூவியிருந்தது. கலியபெருமாள் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்கே தான் வைத்தோமோ என்று குழப்பம் வந்துவிட்டது போல ஒரு முகம்.

நான் கேமராவை எடுத்து முந்தின நாள் படத்தைத் திரையில் காட்டினேன். அதே கட்டாரி, அதே அடி, துடைத்துவிட்டாற்போல். அந்த வரிசையின் முதல் படத்தில் அதன் எண் சீட்டு.

பாஸ்கால் அதைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூச்சு விடுவதற்குள், "அப்படியானால் இரவில் இவன் வந்து வைத்திருக்கிறான். பின்வாசல் இவனுக்குத் தெரியும்" என்றார்.

படம் ஒரு பொட்டு புதிது என்றுதான் சொல்லும். யார் கை என்று சொல்லாது. லெயோன் சாரின் பொய் இதோடு நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பூதக்கண்ணாடியை எடுத்து, பழைய வாள் ஒன்றின் அடியையும் இந்தக் கட்டாரியின் அடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். செவுளைப் பார்க்கிற கண்தானே. பிடிபட்டது.

பழைய பொட்டில் சந்தனம் அடியில், குங்குமம் அதன்மேல். நாள் போகப் போகக் குங்குமம் உதிர்ந்து, ஓரத்து வெடிப்புகளில் மட்டும் சிவப்பு மிஞ்சியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மேலே மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. இதைப் பார்த்து யாரோ அப்படியே நகல் செய்திருக்கிறார்கள். முதலில் குங்குமத்தை இட்டு, அதன்மேல் சந்தனத்தை அப்பியிருந்தார்கள்.

நான் சொல்வதற்குள் மதாம் கேட்டார். முந்தின நாளிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மங்கை, எது மேல இருக்கு?"

"சந்தனம் மேல இருக்கு மதாம். குங்குமம் அடியில இருக்கு."

அவர் மெதுவாகப் பாஸ்கால் நின்ற பக்கம் திரும்பினார்.

"சந்தனத்து மேலதான் குங்குமம் வெப்பாங்க, பாஸ்கால். நான் பொட்டே வெச்சிக்காதவ, எனக்கே தெரியும். உங்கம்மாவுக்கும் தெரியும். உனக்கு சொல்லிக் குடுக்காம விட்டுட்டா."

பாஸ்கால் பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னார். மதாம் தமிழிலேயே பதில் சொன்னார். "எடுத்தத கொண்டாந்து வை. அப்பறம் ஊருக்குப் போ."

பாஸ்கால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விஷயம் பிறகுதான் தெரிந்தது. அசல்களைச் சென்னையில் ஒரு வியாபாரியிடம் சேர்த்துவிட்டு, போலிகளை நம் முத்திரையோடு அத்தையின் தானத்தில் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார். முத்திரை விழுந்துவிட்டால் பிறகு யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

கலியபெருமாள் மதாமின் காலடியில் உட்கார்ந்து அழுதார். திருட்டுப்பழி போனதற்கு அழவில்லை. "உங்களுக்கு தெரியாம இந்த ஊட்டுல பூஜ பண்ணிட்டேன் மதாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியாமன்னு யார் சொன்னது?" என்றார் மதாம். "வருஷத்துக்கு ஒருநாள் சாப்பாட்டு மேசையில முசே கைல சந்தன வாசன வரும். நான் கேட்டதே இல்ல. கேட்டா ரெண்டு பேரும் நிறுத்திடுவீங்க. எனக்குத் தெரியாதுன்னு அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு, அத கெடுப்பானேன்?"

நான் ஜன்னல் பக்கம் போய்த் துணியை மடிக்கிற பாவனையில் நின்றுகொண்டேன். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்படி வருவது எனக்குப் பிடிக்காது.

கொஞ்ச நாளில் மூன்றும் திரும்பி வந்தன. போலிகளை எடுத்துக்கொண்டு பாஸ்கால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். மதாம் வழக்குப் போடவில்லை. கதை இத்தோடு முடிந்திருந்தால் ரேவதி என்னைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வந்தவற்றைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு வாள்களிலும் கலியபெருமாளின் பழைய பொட்டு பொருக்காக இருந்தது. கட்டாரியில் இல்லை. வியாபாரி கழுவிவிட்டாராம், பாஸ்கால் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார். இருக்கலாம். வெள்ளிக் கம்பி இழைத்த பொருளைப் பளபளப்பாக்கித்தான் விற்பார்கள். லெயோன் சார் பிடித்துப் பார்த்தார், கட்டைவிரல் குழியில் உட்கார்ந்தது. பழைய கட்டாரிதான். ஆனால் இந்த வீட்டுக் கட்டாரிதானா? விலை குறைந்த வேறொரு பழைய கட்டாரியைக் கொடுத்து அனுப்பியிருக்க முடியாதா? முசே அதைப் படமெடுத்து வைத்ததில்லை. மதாமுக்குக் கண் தெரியாது. கலியபெருமாள் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதுபோலத்தான் இருக்கு" என்றார். 

அன்றைக்குத்தான் லெயோன் சார் பட்டியலில் ஒரு புதுக் கட்டம் சேர்க்கச் சொன்னார். பொட்டு. எல்லாவற்றுக்கும் உண்டு. கட்டாரிக்கு இல்லை.

தானத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு மதாம் எங்கள் இருவரையும் அழைத்தார். கூடத்தில் நீள மேசை போட்டு ஆயுதங்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். கலியபெருமாள் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். இனி அடியில் ஒளித்து வைக்க வேண்டாம், முகத்திலேயே வை என்று மதாம் சொல்லியிருந்தார். முதலில் சந்தனம், மேலே குங்குமம். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனவர், கட்டாரியை மட்டும் தாண்டி அடுத்ததற்குப் போனார். முடித்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"எல்லாத்துக்கும் வெச்சிட்டியா?" என்று மதாம் கேட்டார்.

"கட்டாரிக்கு வெக்கல மதாம்."

"ஏன்? போனா போவுது, அதுக்கும் ஒண்ணு வையேன்."

"மத்ததெல்லாம் எனக்கு தெரிஞ்சது மதாம். இது யாருன்னு எனக்கு தெரியல. நான் பாட்டுக்கு வெச்சிட்டு போயிடுவேன். நாளைக்கு எவனாவது பாத்துட்டு, பொட்டு இருக்கு, அப்ப இது முசேவோடதுதான்னு சொல்லுவான். அந்த பொய் என் கை சொன்னதா ஆயிடும்."

மதாம் வற்புறுத்தவில்லை. லெயோன் சார் என் பக்கம் குனிந்து, "கண்டதுல எழுதுங்க" என்றார்.

ரேவதி, இப்போது லெயோன் சார், மதாம், கலியபெருமாள் மூன்று பேரும் உயிரோடு இல்லை. கட்டாரி கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. உன் புது மென்பொருள் அதைப் பார்த்து எந்த நூற்றாண்டு வேண்டுமானாலும் எழுதட்டும், யார் வீட்டுப் பொருள் என்று வேண்டுமானாலும் எழுதட்டும். அதையெல்லாம் 'சொன்னது' கட்டத்தில் போட்டுக்கொள். கலியபெருமாள் வைக்காமல் விட்ட பொட்டை மட்டும் அழிக்காதே. அந்தப் பட்டியலிலேயே நான் சந்தேகப்படாத ஒரே வார்த்தை அந்த 'இல்லை'தான்.